கீழாநெல்லி, சிலிமாரின், அதிமதுரம்: கல்லீரலுக்கு உண்மையிலேயே எது உதவுகிறது?

மழைக்காலன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 58. வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிபிடி 82, எஸ்ஜிஓடி 54 என்று கூடுதலாக வந்தது. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், இரண்டாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். பிலிருபின் சரியாக இருக்கிறது, பிளேட்லெட் 2,10,000. குடிப்பழக்கம் கிடையாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டு வருகிறார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். கல்லீரலுக்கென்று தனியாக மாத்திரை எதுவும் எழுதவில்லை.

மாத்திரை எழுதாவிட்டால் வைத்தியமே பார்க்கவில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் எண்ணம். சித்தப்பா கீழாநெல்லி என்கிறார், மாமா சிலிமாரின் கேப்சூல் வாங்கி வந்துவிட்டார், அத்தை மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த கேப்சூலை அனுப்பியிருக்கிறார். எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதனால் யாரிடமும் முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை. சரி, நாமே படித்துப் பார்ப்போம் என்று ஆய்வுக்கட்டுரைகளைத் தேடினால் எந்தச் செடியின் பெயரைப் போட்டாலும் ‘கல்லீரலைக் காக்கும் ஆற்றல் நிரூபணமானது’ என்று ஒரு கட்டுரை வருகிறது. இத்தனை செடிகளும் வேலை செய்கின்றன என்றால் டாக்டர்கள் ஏன் எழுதுவதில்லை? மனிதர்களிடம் சோதித்து உறுதியானது என்று ஏதாவது இருக்கிறதா? அப்பா சாப்பிடும் மாத்திரைகளோடு இவை மோதுமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.


நுண்ணோக்கி எழுதியது:

நான் கல்லீரல் நச்சியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எல்லாச் செடியும் ஏன் ‘பாஸ்’ ஆகிறது என்ற உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மனிதரிடம் நடந்த சோதனைகளை மருத்துவர்கள் யாராவது சொல்வார்கள்.

நீங்கள் பார்த்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. எலிக்கு ஏழு நாளோ பத்து நாளோ செடிச் சாற்றைக் கொடுப்பார்கள், கடைசி நாளில் ஆலிவ் எண்ணெயில் கலந்த கார்பன் டெட்ராகுளோரைடை வயிற்றுக்குள் ஊசியாகப் போடுவார்கள், 24 மணி நேரம் கழித்து ரத்தமும் கல்லீரலும் எடுப்பார்கள். சாறு குடித்த எலிகளுக்கு ஏஎல்டி (உங்கள் அறிக்கையில் எஸ்ஜிபிடி என்று இருப்பது இதுதான்) குறைவாக இருந்தால் ‘காக்கிறது’ என்று எழுதிவிடுவார்கள்.

இதில் உள்ள ஓட்டை என்னவென்றால், கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே நின்று கல்லீரலைக் கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள சிஒய்பி2இ1 என்ற நொதிதான் அதை உடைத்து, டிரைகுளோரோமெத்தில் என்ற ஃப்ரீ ராடிக்கலாக (எதனோடும் உடனே வினைபுரியும் மூலக்கூறுத் துண்டாக) மாற்றுகிறது. செல் சவ்வின் கொழுப்பைப் பொசுக்குவது அந்த ராடிக்கல்தான். அந்த நொதி மத்திய நாளத்தைச் சுற்றியுள்ள செல்களில்தான் அதிகம், ஆகவே சேதமும் அங்கேதான் விழும். இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் நாளத்தைச் சுற்றி ஒரு வளையம் வெளிறிக் கிடக்கும், செல்களின் எல்லை மங்கியிருக்கும், உட்கரு சுருங்கியோ காணாமலோ போயிருக்கும். கொஞ்சம் தள்ளி, போர்ட்டல் நாளத்தின் பக்கம் உள்ள செல்கள் ஒன்றுமே நடக்காதது போல வரிசையாக நிற்கும். ஒரே துண்டில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில், செத்த செல்லும் பிழைத்த செல்லும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இப்போது யோசியுங்கள். நீங்கள் கொடுத்த சாறு அந்த நொதியை மட்டும் முடக்கினால் என்ன ஆகும்? நஞ்சே உருவாகாது, ஏஎல்டி ஏறாது, துண்டும் அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சாறு எந்த செல்லையும் காப்பாற்றவில்லை, கார்பன் டெட்ராகுளோரைடு நஞ்சாக மாறுவதைத் தடுத்தது, அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் கல்லீரலில் கார்பன் டெட்ராகுளோரைடும் இல்லை, தடுக்க வேண்டிய அந்த மாற்றமும் இல்லை.

பாராசிட்டமாலை நஞ்சாகக் கொடுத்துச் செய்யும் சோதனைகளிலும் இதே கதைதான். அளவுக்கு மீறிய பாராசிட்டமாலில் ஒரு பகுதி நாப்கி என்ற வேதிப்பொருளாக மாறும், அது செல்லைக் காக்கும் குளுடாதயோனைக் காலிசெய்யும், அப்புறம் மைட்டோகாண்டிரியாவின் புரதங்களில் போய் ஒட்டும். அந்த மாற்றத்தை முன்கூட்டியே தடுக்கும் எதுவும் ‘காக்கும் மருந்து’ போலத் தெரியும். சில ஆய்வுகளில் செடிச் சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானே அந்த நொதிகளை முடக்கிவிடும். செடிக்குப் போன பெயர் உண்மையில் கரைப்பானுக்குச் சேர வேண்டியது. இன்னொன்று, பெரிய எலிகளுக்குப் பாராசிட்டமால் அவ்வளவாக உறைக்காது, சுண்டெலிதான் மனிதனுக்கு நெருக்கமாக நடந்துகொள்ளும். ஆனாலும் பெரிய எலியை வைத்துச் செய்த கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் முதலில் நான் தேடுவது, சாற்றை எப்போது கொடுத்தார்கள் என்பதைத்தான். நஞ்சுக்கு முன்பா, பின்பா? பாராசிட்டமால் கொடுத்து ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தும் சேதம் குறைந்தால் மேலே படிக்கிறேன். பாராசிட்டமால் நஞ்சுக்கு உண்மையான முறிவு மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீன், மனிதர்கள் விழுங்கிய பிறகு 8 மணி நேரத்துக்குள் கொடுத்தாலும் கல்லீரலைக் கிட்டத்தட்ட முழுசாகக் காப்பாற்றுகிறது. பின்னால் வந்து காப்பாற்றுவதுதான் மருந்து.

செல் வளர்ப்புக் கட்டுரைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அதிகம் பயன்படுவது ஹெப்ஜி2 என்ற புற்றுநோய் செல் வகை. மருந்துகளை உடைக்கும் நொதிகள் அதில் மிகக் குறைவு, ஆகவே அதில் பாராசிட்டமால் ஊற்றிப் பார்ப்பதற்குப் பெரிய பொருள் இல்லை. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள், உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஆனால் செடிகளில் உள்ள ஃபிளேவனாய்டு என்ற வகைச் சேர்மங்கள் பல, செல்லே இல்லாத வெறும் குழியிலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். ‘செல் பிழைத்தது’ என்று எழுதியிருப்பார்கள், நடந்தது வேதிவினை மட்டும். அதோடு செல்லுக்கு ஊற்றுவது 50, 100 மைக்ரோமோலார். கேப்சூல் விழுங்கினால் ரத்தத்தில் மாறாத வடிவில் கிடைக்கும் சிலிபினின் (சிலிமாரினின் முக்கியச் சேர்மம்) பொதுவாக 1 மைக்ரோமோலாரைக்கூட எட்டாது.

இதற்காக எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. சில சேர்மங்கள் இந்த வடிகட்டிகளை எல்லாம் தாண்டி வந்திருக்கின்றன. ஆனால் ஆயிரம் கட்டுரைகளில் அவை எத்தனை என்று பார்த்தால் வருத்தமாக இருக்கும்.


ஈரல்_மருத்துவர் எழுதியது:

நுண்ணோக்கி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மனிதரிடம் என்ன நடந்தது என்பதை நான் சொல்கிறேன்.

சிலிமாரின் பால் முட்செடியின் விதையிலிருந்து வருவது. ஐரோப்பாவில் பழங்காலம் தொட்டுக் கல்லீரல் நோய்களுக்குப் பயன்பட்ட செடி. அது ஒரே பொருள் இல்லை, சிலிபின் (சிலிபினின் என்பதும் இதுதான்), ஐசோசிலிபின், சிலிக்ரிஸ்டின், சிலிடயானின் போன்ற பல ஃபிளேவனோலிக்னான்களின் கலவை. இதற்கு நிஜமான, உயிர்காக்கும் ஒரு பயன் உண்டு. அமனிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற நச்சுக்காளானைத் தின்றவர்களுக்குச் சிலிபினினை நரம்பு வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் செலுத்துகிறார்கள். அந்தக் காளானின் அமானிடின் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழைவது ஓஏடிபி1பி3 என்ற கடத்திப் புரதம் வழியாக. உள்ளே போனதும் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதியைப் பிடித்துக்கொள்ளும், செல் புதுப் புரதம் செய்ய முடியாமல் சாகும். சிலிபினின் அந்தக் கடத்தியை அடைக்கிறது. நஞ்சு பித்தத்தோடு குடலுக்குப் போய் மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பி வரும், அதனால் தின்று பல மணி நேரம் கழித்தும் அடைப்பதற்குப் பயன் இருக்கிறது. நஞ்சுண்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிக்க முடியாது என்பதால் இதற்குச் சான்று சிகிச்சை அனுபவத் தொகுப்புகள்தான், இருந்தாலும் காரணம் தெளிவாக இருக்கிறது.

நீண்டகால நோய்களில் கதை வேறு. 1989-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வில், 170 சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) நோயாளிகளில் சிலிமாரின் எடுத்தவர்களில் 58 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 39 சதவீதம் பேரும் நான்கு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். பெரிய நம்பிக்கை தந்த முடிவு அது. ஆனால் 1998-இல் மதுவால் சிரோசிஸ் வந்த 200 பேரிடம் ஸ்பெயினில் நடந்த ஆய்வில் உயிர்வாழ்வில் வித்தியாசமே இல்லை. 2012-இல் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேருக்கு வழக்கமான அளவைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு கொடுத்துப் பார்த்தார்கள், வேளைக்கு 420 அல்லது 700 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 24 வாரம். ஏஎல்டி குறைவதில் வெற்று மாத்திரையைவிட எந்த மேன்மையும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு நெருக்கமான ஆய்வு என்றால் 2017-இல் மலேசியாவில் கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ள 99 பேரிடம் நடந்தது. முதன்மை இலக்கை அது எட்டவில்லை. கல்லீரல் தழும்பு குறைவதில் மட்டும் ஒரு சாதகமான அறிகுறி தெரிந்தது, ஆனால் அதை வைத்து மருந்து எழுத முடியாது, பெரிய ஆய்வு வேண்டும்.

கீழாநெல்லி. சென்னையில் நடந்த ஆய்வு, 1988-இல் லான்செட் இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு ஃபில்லாந்தஸ் அமாரஸ் (கீழாநெல்லியின் தாவரப் பெயர்) பொடியை 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்புற ஆன்டிஜென் மறைந்தது, வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நாட்பட்ட தொற்றில் அந்த ஆன்டிஜென் தானாக மறைவது ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான், ஆகவே உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. இன்றைக்கு ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லியை மட்டும் நம்பி இருங்கள் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

ஆனாலும் கீழாநெல்லிக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது? மஞ்சள் காமாலையில் பெரும்பங்கு ஹெபடைடிஸ் ஏ போன்ற, தானே சரியாகும் தொற்றுகளால் வருவது. சில வாரத்தில் கண் வெளுத்துவிடும், எதைக் குடித்தாலும், எதையும் குடிக்காவிட்டாலும். அந்தச் சமயத்தில் கையில் இருந்த இலைக்குப் பெயர் போய்விடுகிறது. இதை யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை, அந்த நாளில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அதிமதுரத்தின் கிளிசிரைசின் ஜப்பானில் பல பத்தாண்டுகளாக நாட்பட்ட கல்லீரல் அழற்சிக்கு நரம்பு ஊசியாகப் பயன்படுகிறது. ஏஎல்டி குறைகிறது, உண்மைதான். வைரஸ் குறைவதில்லை, ஊசியை நிறுத்தினால் ஏஎல்டி மறுபடி ஏறிவிடுகிறது. இதில் ஒரு எச்சரிக்கை: சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை இது தடுக்கும். உப்பும் நீரும் உடம்பில் தங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்தம் உள்ளவர்களும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் வாய்வழியாகக்கூட நாள்கணக்கில் எடுக்கக் கூடாது.

அப்பாவுக்கு வருவோம். உங்கள் எண்களை வைத்து, கல்லீரலில் தழும்பு இருக்குமா என்று மதிப்பிடும் ஃபிப்-4 என்ற கணக்கைப் போட்டேன். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் (ஆயிரங்களில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 58-ஐ 54-ஆல் பெருக்கினால் 3132. 82-இன் வர்க்கமூலம் 9.06, அதை 210-ஆல் பெருக்கினால் சுமார் 1900. வகுத்தால் 1.65. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேலே இருந்தால் கவலைப்பட வேண்டும். அப்பா நடுவில் இருக்கிறார். ஆகவே மூன்று மாதம் காத்திருக்காமல், கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எந்தக் கேப்சூல் என்ற கேள்வியைவிட இது முக்கியம். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். கொழுப்புக் கல்லீரலுக்காக அடோர்வாஸ்டாட்டினை நிறுத்தத் தேவையில்லை. பலர் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு.


மூலிகைத்தோட்டம் எழுதியது:

டாக்டர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் கீழாநெல்லி விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் தாவர வேதியியல் படித்தவன், மூலிகைகளின் தரத்தை அளப்பதுதான் என் வேலை.

கீழாநெல்லி என்ற பெயரில் வருவதெல்லாம் ஒரே செடி இல்லை. அமாரஸ், டெபிலிஸ், யூரினாரியா எல்லாம் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், காய்ந்து பொடியானால் கண்ணால் பிரிக்கவே முடியாது. கல்லீரலைக் காப்பதாகச் சொல்லப்படும் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னான்கள் அமாரஸில்தான் கணிசமாக இருக்கின்றன. அவை தண்ணீரில் சரியாகக் கரையாதவை. ஆல்கஹாலில் எடுத்த சாற்றில் நிறைய வரும், தண்ணீரில் கொதிக்க வைத்த கஷாயத்தில் அதிகம் வருவது ஜெரானீன், கொரிலாஜின் போன்ற டானின்கள். ஆக ஒருவர் ஆல்கஹால் சாற்றை எலிக்குக் கொடுத்துவிட்டு ‘கஷாயம் நல்லது’ என்று முடிவு எழுதினால் அவர் சோதித்தது வேறு, சொல்வது வேறு. பின்னால் நடந்த ஆய்வுகள் தோற்றதற்கு இந்த வேறுபாடுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செடியின் இனம், பாகம், கரைப்பான், முக்கியச் சேர்மத்தின் அளவு ஆகிய நான்கும் எழுதாத கட்டுரையை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அப்புறம், நாட்டு மருந்திலிருந்து நிஜ மருந்து வரவே வராது என்ற எண்ணமும் சரியில்லை. சீனாவில் ஸ்கிசாண்ட்ரா பழம் ஹெபடைடிஸ் நோயாளிகளின் ஏஎல்டியைக் குறைப்பதை 1970-களில் கவனித்தார்கள். அதிலுள்ள ஸ்கிசாண்ட்ரின் சி-யைச் செயற்கையாகத் தயாரிக்கும் முயற்சியில் பைஃபென்டேட் கிடைத்தது. ஏஎல்டி நன்றாக இறங்கியது, நிறுத்தியதும் திரும்ப ஏறியது. குறையைத் தெரிந்துகொண்டு மூலக்கூறை மாற்றி பைசைக்ளால் என்ற அடுத்த மருந்தைச் செய்தார்கள், அது இன்று அங்கே அங்கீகரிக்கப்பட்ட மருந்து. பழம், அதிலிருந்து ஒரு சேர்மம், அதன் குறை, திருத்திய மூலக்கூறு, பிறகு மனிதரிடம் சோதனை. எனக்கு மிகவும் பிடித்த பாதை இது. நம்முடைய செடிகள் பலவும் ‘எலிக்கு நல்லது’ என்ற முதல் படியிலேயே நாற்பது ஐம்பது வருடமாக நிற்பதுதான் என் ஆதங்கம்.

கடுகுரோகிணியும் அப்படித்தான். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதன் வேரிலிருந்து பிக்ரோசைடு 1, குட்கோசைடு இரண்டையும் குறிப்பிட்ட விகிதத்தில் கொண்ட பிக்ரோலிவ் என்ற தரப்படுத்திய சாற்றை உருவாக்கியது. விலங்குகளில் பலவகை நஞ்சுகளுக்கு எதிராகச் சிலிமாரினுக்கு இணையாகவும் சிலவற்றில் மேலாகவும் நின்றது. இதற்கிடையே இமயமலையில் அந்தச் செடி அருகி, அதன் சர்வதேச வணிகத்துக்கே கட்டுப்பாடு வந்துவிட்டது. பிடுங்குவது வேரை, வளர்வதோ மெதுவாக. இன்னும் எத்தனை காலம் காட்டிலிருந்து எடுப்போம்?


கரைசேர்ந்தவன் எழுதியது:

டாக்டர் ஹெபடைடிஸ் பி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு அந்தத் தொற்று இருக்கிறது, டெனோஃபோவிர் என்ற வைரஸ் மாத்திரை எடுக்கிறேன், வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. மூலிகை எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்றே ஒன்று: எதை வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொன்ன பரிசோதனையை விடாதீர்கள், வைரஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் சீறிக்கொண்டு திரும்பும், அதிலேயே கல்லீரல் செயலிழந்தவர்கள் உண்டு.


மழைக்காலன் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபிப்-4 என்று ஒன்று இருப்பதே தெரியாது, இன்றைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.

இரண்டு சந்தேகம் மீதி இருக்கிறது. மாமா வாங்கிய பாட்டிலில் பெரிய எழுத்தில் ‘பால் முட்செடி 175 மில்லிகிராம்’ என்றும் கீழே சின்னதாக ‘80 சதவீதம் சிலிமாரின்’ என்றும் இருக்கிறது. எதைக் கணக்கில் எடுப்பது? அத்தை அனுப்பிய மஞ்சள் கேப்சூல் வெறும் மஞ்சள்தானே, அதையாவது கொடுக்கலாமா? அத்தை மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறேன்.


மூலிகைத்தோட்டம் எழுதியது:

175-இல் 80 சதவீதம் என்றால் 140 மில்லிகிராம் சிலிமாரின். அந்த 140-தான் கணக்கு, பல ஆய்வுகளில் வரும் ஒரு கேப்சூல் அளவும் அதுதான். ‘விதைப் பொடி 500 மில்லிகிராம்’ என்று மட்டும் போட்டிருந்தால் எண் பெரிதாகத் தெரியும், உள்ளே சிலிமாரின் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். விழுங்கியதிலும் பெரும்பகுதி கல்லீரலில் குளுக்குரோனைடு என்ற, உடம்பு வெளியே தள்ளும் வடிவமாக மாறிப் பித்தத்தில் வெளியேறிவிடும். ஃபாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற கொழுப்புப் பொருளோடு சேர்த்த வடிவங்கள் நன்றாக உறிஞ்சப்படும். ஆனால் நன்றாக உறிஞ்சப்படுவதால் நோய் குணமாகும் என்று ஆகிவிடாது.


ஈரல்_மருத்துவர் எழுதியது:

மஞ்சள் கேப்சூல் வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

மஞ்சளின் சத்தான குர்குமின் இயல்பாகவே உடம்பில் ஏறுவது மிகக் குறைவு. அதனால்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் செய்வது, குடலும் கல்லீரலும் அதை வெளியேற்றும் வழிகளைத் தடுப்பது. உறிஞ்சுதல் கூடக்கூட, தீங்கும் தெரிய ஆரம்பித்தது. மருந்துகளால் வரும் கல்லீரல் சேதத்தைப் பதிவுசெய்யும் அமெரிக்க வலையமைப்பு, மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதித்த 10 பேரின் விவரத்தை வெளியிட்டது. 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். பத்தில் 7 பேரிடம் எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. அதாவது அளவு கூடியதால் மட்டும் வருவதில்லை, சிலருடைய நோயெதிர்ப்பு அமைப்பு அதை எதிரியாகப் பார்க்கிறது. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே உங்களால் சொல்ல முடியாது. பச்சைத் தேயிலைச் சத்திலும் இதே மரபணுத் தொடர்பு இருக்கிறது, அதன் முக்கியச் சேர்மமான இஜிசிஜி நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது.

கல்லீரலுக்கு நல்லது என்று பெயர் எடுத்த செடியே கல்லீரலைக் கெடுத்ததும் உண்டு. செலிடோனியம் ஐரோப்பாவில் பித்தத்துக்கும் ஈரலுக்கும் காலங்காலமாகக் கொடுக்கப்பட்டது, பிறகு அதனால் கடும் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகள் பதிவானார்கள். ஜெர்மாண்டர் என்ற செடியைக் கல்லீரல் சேதத்துக்காக 1992-இல் பிரான்ஸ் தடை செய்தது. நோயெதிர்ப்புக்கு நல்லது என்று பலர் எடுத்த சீந்திலால் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி போன்ற பாதிப்பு வந்த நோயாளிகளும் பதிவாகியிருக்கிறார்கள்.

மாத்திரைகளோடு மோதுமா என்று கேட்டிருந்தீர்கள். சிலிமாரின் வழக்கமான அளவில் பெரிதாக மோதுவதில்லை, சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம், அதைக் கவனித்தால் போதும். பெர்பெரின் என்ற தாவரச் சேர்மத்தை யாராவது அடுத்துக் கொண்டுவந்தால், அது மெட்ஃபார்மினோடு சேர்ந்து சர்க்கரையை இறக்கும், அடோர்வாஸ்டாட்டினை உடைக்கும் நொதியையும் தடுக்கும், ஆகவே தொடாதீர்கள். ஸ்கிசாண்ட்ராவும் அதே நொதியைத் தடுப்பதுதான், உறுப்பு மாற்று செய்து டாக்ரோலிமஸ் (உடம்பு புது உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

மாமா வாங்கிய சிலிமாரினை அப்பா எடுத்தே தீருவேன் என்றால், பாட்டிலை உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு, எடையைக் குறைக்கும் வேலையோடு சேர்த்து எடுக்கட்டும். வேறு எந்தப் புதுப் பொருளும் அதே நேரத்தில் வேண்டாம், இரண்டு மூன்றைச் சேர்த்து ஆரம்பித்தால் பிரச்சினை வரும்போது எது காரணம் என்று தெரியாது. 12 வாரத்தில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிருபின் மூன்றையும் பாருங்கள். இடையில் சிறுநீர் கருமஞ்சளானாலோ, கண் மஞ்சளானாலோ, உடம்பு அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.

அத்தையிடம், டாக்டர் இப்போதைக்கு ஒரே ஒரு கேப்சூலுக்குத்தான் சம்மதம் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஃபைப்ரோஸ்கேன் முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.